துவியின் தலைமேல் ஒரு கொக்கி

புதன்கிழமை மத்தியானம் அருமனையில், மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும், மாப்பிள்ளையின் அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார். கோபமாகப் போகவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடாமல், நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, பக்குவமாகப் போனார். அதுதான் சிக்கல். கத்துகிற ஆளை எப்படியாவது சமாளித்துவிடலாம்.

மிச்சம் நாலு பேர். மாப்பிள்ளை ஜெபின், அவன் அம்மா லீலாபாய், கல்யாணப் பெண் துவி, பெண் வீட்டார் என்ற பெயரில் நான் ஒருத்தி. துவி வியட்நாம்காரி. நான் கும்பகோணத்துக்காரி, எட்டு வருஷமாகச் சைகோன்வாசி. நான், துவி, ஜெபின் மூன்று பேரும் அங்கே முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்யும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். ஜெபினுக்கு இயந்திரப் பிரிவு, துவிக்குப் பொதி கட்டும் பிரிவு. துவிக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, விமானம் ஏற முடியாது. புறப்படும்போது அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவர்கள் மொழியில் சொன்னது இது: "கல்யாணத்தை முடித்துவிட்டு வா. இல்லையென்றால் என் பெண்ணை என்னிடம் கூட்டி வா. நடுவில் தொங்கவிட்டுவிட்டு மட்டும் வராதே."

கல்யாணம் திங்கட்கிழமை. அதற்கடுத்த புதனே ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்துகாலம் தொடங்குகிறது. அதன்பின் ஈஸ்டர்வரை இந்தச் சபைகளில் கல்யாணம் கிடையாது. துவியின் விசாவும் எங்கள் லீவும் அவ்வளவு நாள் தாங்காது. ஆகவே எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கவேண்டிய ஒரு காரியத்தில் நின்றது. இங்குள்ள புரொட்டஸ்டண்ட் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆளுண்டா என்று சபை நடுவில் கேட்பார்கள். இரண்டு ஓலை நாங்கள் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. மூன்றாவது பாக்கி.

அந்தச் சபையில் இருபது வருஷமாக வேதபாடம் வாசிப்பதும் ஓலை வாசிப்பதும் ஒரே ஆள். பின்வாசலில் தட்டோடு உட்கார்ந்திருந்த செல்வதாஸ்தான் அவர். மகனுடைய முதல் இரண்டு ஓலைக்கும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சபைச் செயலாளர் வாசித்தார். ஜெபினோடு அவர் பேசி நாலு மாதமாகிறது என்று லீலாபாய் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

குழம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரச்சீனிக் கிழங்கு, சாளைமீன் குழம்பு, தேங்காய் அரைத்த காரம். துவி மூன்று முறை வாங்கினாள். அவள் பிறந்த 'பின் ஃபூக்' மாகாணத்திலும் இதே கிழங்கு, இதே ரப்பர்த் தோட்டம், இதே செம்மண். ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரியில் இலை உதிர்த்து நின்ற ரப்பர் மரங்களைப் பார்த்து, "கோ, நாம் கிளம்பவே இல்லைபோல இருக்கிறது" என்றாள். கோ என்றால் அத்தை. லீலாபாய் அவளிடம் "வெள்ளம் வேணுமா மோளே?" என்று கேட்டபோது நான்தான் திடுக்கிட்டேன். எங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் வீட்டைக் காலி செய்வோம், இங்கே டம்ளரில் குடிக்கிறார்கள்.

என் வேலையைச் சொல்லாவிட்டால் இனி நடந்தது புரியாது. கம்பெனியின் முந்திரிப் பாக்கெட் பதினான்கு மொழிகளில் அச்சாகிறது. எழுத்துகளின் தலைமேலும் காலடியிலும் ஒட்டியிருக்கும் புள்ளி, கோடு, வால், தொப்பி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. ஜெர்மன்காரனுக்கு 'அழகு' என்ற சொல்லில் இரண்டு புள்ளியை விட்டால் அது 'ஏற்கெனவே' ஆகிவிடும். ஸ்பானியத்தில் 'வருஷம்' என்ற சொல்லின் நெளிகோடு உதிர்ந்தால் உடம்பில் சபையில் சொல்லக்கூடாத ஓர் இடமாகிவிடும். ஒருமுறை அப்படியே அச்சுக்குப் போகவிருந்தது, என் கண்ணில் பட்டுத் தப்பித்தோம். பிரெஞ்சுக்காரன் ஓர் எழுத்தின் காலடியில் சின்ன வாலைத் தொங்கவிட்டால் 'க' 'ஸ' ஆகிவிடும். துருக்கியில் தலையில் புள்ளி வைத்த ஓர் எழுத்தும் வைக்காத அதே எழுத்தும் வேறு வேறு ஆட்கள். இந்தத் தூசியெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் புள்ளியை எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், 'கல்' 'கல' என்று நிற்கும்.

வியட்நாமியர் எழுதுவது ஐரோப்பியப் பாதிரிமார் தொடங்கிவைத்த ரோமன் எழுத்தில். ஆனால் அந்த மொழியில் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். அதைக் காட்ட ஏறுவதற்கு ஒரு சாய்கோடு, இறங்குவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு, நெளிவதற்கு ஓர் அலை, சட்டென்று விழுந்து நிற்கக் கீழே ஒரு புள்ளி. துவியின் பெயருக்கு மேலே இருப்பது ஒரு கொக்கி, புள்ளியைத் தொலைத்த கேள்விக்குறி மாதிரி. குரல் கீழே தாழ்ந்து, மறுபடி எழும்பி வரவேண்டும். அப்படிச் சொன்னால் தண்ணீர் என்று பொருள். அவள் வகுப்பில் இதே எழுத்துகளோடு அவளையும் சேர்த்து மூன்று பெண்கள் இருந்தார்களாம், குறி மட்டும் வேறு. ஆசிரியர் கூப்பிட்டால் சரியான பெண்தான் எழுந்திருப்பாள்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் நின்று துவி அம்மாவோடு கைபேசியில் பேசினாள். திரையில் அந்த அம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் "யா" என்றாள். பெரியவர்கள் பெயர் சொல்லி அழைத்தால் அங்கே பிள்ளைகள் அப்படிப் பதில் கொடுத்தே ஆகவேண்டும், மூன்று வயதிலிருந்து பழக்குவார்கள். கிணற்றடியில் செல்வதாஸ் கை கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

வியாழக்கிழமை போதகரைப் பார்க்க மார்த்தாண்டம். எங்கள் பஸ் குழித்துறை தாண்டியதும் இருமி நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிச் சக்கரத்தை ஓர் உதை விட்டுவிட்டு, "எறங்குங்க மக்கா, இனி இது போவாது" என்றார். போதகர் பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவார். மணி பதினொன்றரை. ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் பதினேழு வருஷம் துபாயில் டாக்சி ஓட்டியவர். முன்னால் ஊர்ந்த மலையாளத்துப் பஸ்ஸின் பலகையில் எழுத்துகளின் தலையில் பிறை வைத்திருந்ததைத் துவி விரல் நீட்டிக் கேட்டாள். அங்கே மெய்யெழுத்துக்குப் புள்ளிக்குப் பதில் பிறை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அரபில பாத்தியளா? துபாய்ல ரோட்டு போர்டுல ஒண்ணும் கெடையாது. எழுத்துக்க கூடப் பொறந்த புள்ளி மட்டும் இருக்கும். 'அ'வா 'இ'யான்னு சொல்லுத கோடு இருக்கே, அது ஓதுத வேதத்துலயும் சின்னப் பிள்ளையளுக்க புக்குலயும்தான். தெரிஞ்சவனுக்கு எதுக்கு? தெரியாதவனுக்குத்தான வேணும்."

"நீங்க முன்னால பாத்து ஓட்டுங்க அண்ணாச்சி" என்றான் ஜெபின். மேம்பாலத்தடியில் ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போனது.

போதகர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், திரும்ப உட்கார்ந்தார். துவியின் ஊர்ச் சபை தந்த கடிதத்தையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பார்த்தார். ஓலைப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முகம் மாறியது.

"இதாரு கிரேஸ்?"

யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஞாயிறும் சபையில் வாசிக்கப்பட்டது 'வியட்நாம் தேசத்துக் கிரேஸ்' என்ற பெண்ணின் ஓலை. துவியின் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

ஜெபின் வீட்டுக்குப் போன் போட்டான். லீலாபாய் மறுபக்கம் அழ ஆரம்பித்துவிட்டார். "செயலாளர் பேரு எழுதித் தரச் சொன்னாரு. அந்தப் பேர ஆளுவ எப்படி மக்கா சொல்லுவாவ? சிரிப்பாவல்லியா. வந்து ஏறுததுக்கு முன்னாலே அவளப் பாத்துச் சிரிக்கப்பிடாதுன்னுதான் எழுதிக் குடுத்தேன். செத்துப்போன எனக்க தங்கச்சிக்க பேராக்கும் அது."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் சபைப்பெயர் ஒன்று, வீட்டுப்பெயர் ஒன்று. மருமகளுக்குத் தன்னிடமிருந்த நல்ல பெயரைக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஞாயிறும் தடை உண்டா என்று கேட்கப்பட்டது உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி.

போதகர் ஓலைப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "மூணாவது ஓலையில தப்ப சபைக்கு முன்னால ஒத்துக்கிட்டு, சரியான பேர வாசிக்கணும். தடை ஒண்ணும் வரலேன்னா நான் தாலி எடுத்துத் தாறேன். ஆனா தப்பு உங்க வீட்டுலேர்ந்து வந்தது. திருத்துததும் உங்க வீட்டு வாயிலேர்ந்துதான் வரணும். அப்பாவ வாசிக்கச் சொல்லு" என்றார்.

ஜெபின் கேட்டான்: "அப்பா வாசிக்கலேன்னா?"

"பொறவு ஈஸ்டருக்குப் பொறவுதான்."

வெள்ளிக்கிழமை காலையில் செல்வதாஸைத் தேடிப் போனேன். வீட்டுக்குப் பின்னால், ரப்பர்ஷீட் காயப்போடும் கொட்டகையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் வேதாகமம், கையில் சிவப்புப் பென்சில். எட்டிப் பார்த்தவள் பேச வந்ததை மறந்துவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் சொற்களின் தலைமேல் சின்னக் கோடுகள், கீழே வளைவுகள், இடையில் புள்ளிகள். தமிழுக்கு யாரோ வியட்நாம் உடுப்பு மாட்டிவிட்டிருந்தார்கள்.

"இது என்னங்க?"

அவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது மூச்சு எடுக்க. இது கொரல மேல பொக்க. இது கீழ தாத்த. இருவது வருசமா இப்படித்தான். எங்க சபையில கண்ணு தெரியாத ஆளுவ உண்டு, வாசிக்கத் தெரியாத ஆளுவ உண்டு. நான் வாசிக்கதுதான் அவியளுக்கு வேதம். ஒரு பேரத் தப்பா வாசிச்சா அந்த மனுசனயே மாத்தினது மாதிரியாக்கும்."

இந்த இடத்தில் நான் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் விடாமல் பேசினேன். ஜெர்மன் புள்ளி, துருக்கிப் புள்ளி, பிரெஞ்சு வால் எல்லாம் சொன்னேன். அந்தக் காலத்துப் பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதினவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள், படிக்கிறவர்தான் இட்டு நிரப்பிக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னேன். பிறகு துவியின் சபைக் கடிதத்தின் நகலை விரித்து அவள் பெயரைக் காட்டினேன். பாஸ்போர்ட்டின் ஆங்கில வரியிலும் விசாவிலும் இந்தக் குறிகள் எதுவும் இல்லை, எழுத்து மொட்டையாக நிற்கும், அதைப் பார்த்தால் மூன்று பெண்களில் எவள் என்று அவள் அம்மாவுக்கே தெரியாது என்றேன்.

"இதுக்கு என்ன பேரு?" கொக்கியைத் தொட்டுக் கேட்டார்.

"அவங்க மொழியில, கேக்குற குறி. கேள்வி கேக்குற மாதிரி குரல் போகும்."

"ம்." வேதாகமத்தை மூடினார். "அவ நல்ல பிள்ளதான். எனக்குத் தெரியாதா? நான் அவளயா சொல்லுதேன்? எனக்க மவன் அவனுக்க கல்யாணத்த எனக்குப் போனுல சொன்னான், நிச்சயம் கழிஞ்ச பொறவு. நான் என்ன, பக்கத்து வீட்டுக்காரனா? இனி அவன் இங்க வருவானா? இந்தத் தோட்டத்துல வந்து நிப்பானா?"

அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். பேச்சை மாற்றினேன்.

"ஞாயிறு வாசிப்பீங்கதானே?"

"போதகரு சொல்லிட்டாரு. வாசிக்கேன். தடை உண்டான்னு கேக்கணும், அதயும் கேப்பேன்."

"கேட்டுட்டு?"

"கேட்டா பதிலு வரத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டு மரங்களுக்குள் நடந்துவிட்டார். காய்ந்த இலை நொறுங்கும் சத்தம் கொஞ்ச தூரம்வரை கேட்டது. சபைக் கடிதத்தின் நகல் அவர் கையோடு போய்விட்டதை அப்புறம்தான் கவனித்தேன்.

சனிக்கிழமை லீலாபாய் எங்களை வீட்டைவிட்டுத் துரத்தினார். "திற்பரப்புக்குப் போய்ட்டு வாங்க. அவரு கொஞ்சம் தனியா இருக்கட்டு." அருவியில் தண்ணீர் நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. நனைந்த சேலைகளும் சோப்பு நுரையும் கூச்சலுமாக ஒரே கூட்டம். எங்கள் பக்கத்து ஆறுகளில் அந்த மாதத்தில் மணல்தான் இருக்கும். பொறாமையாக இருந்தது. வாசலில் முந்திரிக்கொத்து விற்றார்கள். தொழில் ஆர்வத்தில் வாங்கிக் கடித்துப் பார்த்தால் உள்ளே பயறும் வெல்லமும், மருந்துக்கும் முந்திரி கிடையாது. வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன்.

துவி குளிக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோ, அக்கம்பக்கத்தார் கிரேஸ் என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சைனா அக்கா என்கிறார்கள். ஜெபின் அம்மா மோளே என்கிறார். எல்லாம் அன்பாகத்தான். ஆனால் வந்து நாலு நாளாக என் பெயரை நீங்களும் ஜெபினும் தவிர யாரும் சொல்லவில்லை. நீங்களும் தப்பாகத்தான் சொல்கிறீர்கள்."

எட்டு வருஷம் குறி பார்த்துச் சம்பாதித்தவள் நான்.

திரும்பி வந்தபோது சாயங்காலம். கொட்டகையில் செல்வதாஸ் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் ஒரு தாளை வேதாகமத்துக்குள் செருகினார். சிவப்புப் பென்சிலைக் காதில் சொருகினார். மறுப்பை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கப்போகிறார் என்று முடிவு கட்டினேன். துவியின் பெட்டியை அடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஜெபினிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய?

முற்றத்தில் துவியின் அம்மா கைபேசியில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "யா" என்றாள் துவி. கொட்டகையில் செல்வதாஸின் தலை கொஞ்சம் திரும்பியது.

ஞாயிறு ஆராதனைக்கு ஜனம் வழக்கத்தைவிட அதிகம் என்று லீலாபாய் காதில் சொன்னார். கிரேஸ் இல்லை, வேறு யாரோ என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் எனக்கும் லீலாபாய்க்கும் நடுவில் துவி. அவளுக்குத் தமிழ் தெரியாது. தலையில் முக்காடு போட்டு, குனிந்து, விரல்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஜெபின் எதிர்ப்பக்கம் தூணோரமாக நின்றான்.

பாடம் வாசித்து முடித்தார் செல்வதாஸ். சுத்தமான குரல். ஒவ்வொரு 'ழ'வும் தனியாகக் கேட்டது. அப்புறம் வேதாகமத்துக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"விவாக அறிவிப்பு. மூன்றாம் முறை. கடந்த ரெண்டு ஞாயிறும் இந்த ஓலையில பெண்ணுக்க பேரு தப்பா வாசிக்கப்பட்டது. அது எங்க வீட்டுத் தப்பு. சபை மன்னிக்கணும்."

லீலாபாய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

"நம் சபையைச் சேர்ந்த செல்வதாஸ், லீலாபாய் தம்பதியரின் குமாரன் ஜெபினுக்கும்..."

நின்றார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். மூச்சு எடுத்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். லீலாபாயின் கை துவியைத் தாண்டி என் முழங்காலைத் தேடி வந்து இறுக்கிப் பிடித்தது.

"வியட்நாம் தேசத்தைச் சேர்ந்த ஙுவேன் தி துவிக்கும்" என்றார்.

நம் அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் 'ங' அவள் குடும்பப்பெயரில் முழுசாக வந்தது. 'தி' சட்டென்று விழுந்து நின்றது. 'துவி' கீழே தாழ்ந்து, அடியைத் தொட்டு, மெல்ல எழும்பி வந்தது. எட்டு வருஷத்தில் எனக்கு ஒரு நாளும் வராதது அது.

"யா" என்றாள் துவி.

சத்தமாகவே சொல்லிவிட்டாள். கூப்பிட்டார்கள், பதில் கொடுத்தாள். தலையை நிமிர்த்தி, யார் அழைத்தது என்று பார்த்தாள். சபை முழுவதும் திரும்பியது. அவள் முகம் சிவந்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

செல்வதாஸ் அவளைப் பார்த்தார். அவர் தாடை அசைந்தது. பிறகு சபையைப் பார்த்துக் கேட்டார்: "இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவங்க உண்டுமானா இப்பச் சொல்லலாம்."

அவர் வரிசை வரிசையாகப் பார்த்தார். கடைசியாக மகனைப் பார்த்தார், நாலு மாதத்துக்குப் பிறகு. அவன்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினான்.

"தடை ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தாளை மடித்தார். அவர் குரல் அப்போதுதான் உடைந்தது.

ஆராதனை விட்டு வெளியே வந்ததும் யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, அப்படிப்பட்ட வீடு இல்லை அது. வாசலில் நின்ற ஜெபினைத் தாண்டிப் போகும்போது செல்வதாஸ், "காலத்த சாயா குடிச்சியா?" என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். வாய் திறந்தால் அழுதிருப்பான். எனக்கும் அதே நிலைமைதான்.

வேதாகமத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவர் செருப்பைத் தேடப் போனார். பக்கங்களுக்கு நடுவில் அந்தத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாதுதான். மறுப்பு எதுவும் இல்லை. ஓலையின் நாலு வரி, பெயர்களுக்கு மேலே அவருடைய சிவப்புக் குறிகள். துவியின் பெயருக்கு மேல் ஒரு வளைவு, கீழிறங்கி மேலேறுவது. அதைப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் தாள் ஓட்டையாகியிருந்தது.